பெரிய மரத்தைச் சாய்க்கும்போது எவ்வளவு வெட்டாமல் விடுவது

செயின்சா பிடிக்கப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: அடிமரத்தில் எவ்வளவு ஆழம் வெட்டவேண்டும்? எவ்வளவு வெட்டாமல் விடவேண்டும் என்று கேளுங்கள் என்பேன் நான். முன்பக்கம் போடுகிற ஆப்பு வடிவ வெட்டுக்கும் பின்னாலிருந்து வருகிற வெட்டுக்கும் நடுவே ஒரு கீற்றுக் கட்டையை வெட்டாமல் விடுகிறோமே, அந்தக் கீல்தான் மரம் விழுகிற சில நொடிகளும் அதைப் பிடித்து, கதவைத் திருப்புவதுபோல ஒரே பக்கமாகத் திருப்பிக் கீழே படுக்கவைக்கிறது. அது பாதியில் அறுந்துபோனால் மரம் எந்தப் பக்கம் போகும் என்று யாரும் சொல்ல முடியாது.

எடையை ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. பச்சை மரம் கன மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் வரும், சில மரங்கள் கொஞ்சம் குறைவு, சில அதிகம். ஒரு மீட்டர் விட்டமுள்ள அடிமரத்தில் ஒரே ஒரு மீட்டர் நீளத் துண்டை எடுத்தால் அதுவே முக்கால் டன்னுக்கு மேல். இதற்கு மேலே இன்னும் 15, 20 மீட்டர் தண்டும் கிளையும் இருக்கிறது. நாலு பேர் கயிறு பிடித்து இழுத்தால் வந்துவிடும் என்று சொல்கிறவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். இழுத்து வராது என்பது மட்டும் இல்லை, மரம் வேறு பக்கம் கிளம்பிவிட்டால் அந்த நாலு பேரையும் கயிற்றோடு சேர்த்துத் தூக்கிவிடும்.

நான் தொழில் கற்றுக்கொண்ட அண்ணன் எந்த மரத்தடிக்குப் போனாலும் செயின்சாவை வண்டியிலிருந்து இறக்கவே விடமாட்டார். "மொதல்ல கையை வீசிக்கிட்டு ஒரு சுத்து வா தம்பி" என்பார். மரத்தின் உயரம் அளவுக்குத் தள்ளி நின்று ஒரு சுற்று, அப்புறம் தூரை ஒட்டி ஒரு சுற்று. தூரத்திலிருந்து பார்த்தால்தான் சாய்வும் தலைப்பாரமும் தெரியும். தண்டு கிழக்கே சாய்ந்திருக்கும், ஆனால் பெரிய கிளைகள் எல்லாம் மேற்கே இருக்கும், அப்போது மரத்தின் உண்மையான எடை எந்தப் பக்கம் என்பதைக் கிட்டே நின்று கண்டுபிடிக்க முடியாது. காய்ந்த கிளை எங்கே தொங்குகிறது, கொடிகள் பக்கத்து மரத்தோடு தலையைச் சேர்த்துப் பின்னியிருக்கிறதா, கவட்டையில் விரிசல் ஓடுகிறதா என்பதெல்லாம் இந்தச் சுற்றில்தான் கண்ணில் படும். கொடி பின்னிய மரம் விழும்போது பக்கத்து மரத்தின் கிளையை ஒடித்து நம் தலைக்கு மேலே போட்டுவிட்டுப் போகும். மின்கம்பி எட்டுகிற தூரத்தில் இருந்தால் மின்சாரத்தை உரியவர்கள் நிறுத்தி, நிறுத்திவிட்டோம் என்று நேரில் சொல்கிற வரைக்கும் நான் மரத்தைத் தொடுவதில்லை.

கிட்டப் போனபிறகு தூரைப் பார்க்கவேண்டும். வேர் ஓடும் இடத்தில் மண் ஒரு பக்கம் தூக்கியிருந்தாலோ வெடித்திருந்தாலோ அந்த மரம் ஏற்கெனவே நகர ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அடியில் காளான் தட்டு தட்டாக வந்திருந்தால் உள்ளே மக்கல் இருக்கிறது. கோடாரியின் பின்பக்கத்தால் சுற்றிலும் தட்டிக்கொண்டே போனால் நல்ல கட்டை கெட்டியாகச் சத்தம் கொடுக்கும், பொந்து இருக்கிற இடத்தில் சத்தம் மாறி உள்ளே போய் எதிரொலிக்கும். சந்தேகமாக இருந்தால் செயின்சாவின் பாரை, அதாவது செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகட்டை, செங்குத்தாக வைத்து, இழை ஓடும் திசையிலேயே, ஓர் இடத்தில் உள்ளே செருகிப் பார்ப்பேன். அப்படிச் செருகினால் குறுக்கே இழைகள் அதிகம் அறுபடாது. வெளியே வருகிற தூளைக் கையில் பிடித்துப் பார்க்கவேண்டும்.

ஒரு பழைய புளியமரத்தில் இப்படிச் செருகும்போது முதலில் வெளிர் மஞ்சளாகச் சீவல் சீவலாக வந்தது, ஒரு கை நீளம்கூட உள்ளே போகவில்லை, தூள் கரும்பழுப்பாக, ஈரமாக, மாவு மாதிரி மாறிவிட்டது, பார் திடீரென்று எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனது. வெளியே பட்டையும் இலையும் பார்க்க நோய் நொடி இல்லாத மரம். நடுவில் வைரம் பாய்ந்த கட்டை இருக்கவேண்டிய இடம் முழுக்கப் பொந்து. மரத்தின் இயக்கவியலை ஆராய்ந்த ஜெர்மானியர் கிளாவுஸ் மாத்தெக் கொடுத்த ஒரு கணக்கு இங்கே பயன்படும்: பொந்தைச் சுற்றி மிச்சமிருக்கும் நல்ல கட்டையின் தடிமன், மரத்தின் ஆரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் நிற்கிற மரமே ஒடிவதற்கு வாய்ப்பு கூடிவிடுகிறது. அந்த மாதிரி மரத்தில் வழக்கமான வெட்டுப் போட்டால் கீலுக்கு நடுவில் கட்டையே இருக்காது, இரண்டு ஓரத்திலும் இரண்டு துண்டுதான் நிற்கும். அதனால் அன்றைக்கு வெட்டை மார்பளவுக்கு மேலே, நல்ல கட்டை இருக்கும் உயரத்துக்குக் கொண்டுபோனோம், முன்வெட்டின் ஆழத்தைக் குறைத்தோம், கீலைத் தடிமனாக விட்டோம், அதற்கு முன்பே மேலே வடம் கட்டி, வடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச்சில் பிடித்துக்கொண்டோம். அடிக்கட்டை உயரமாக நிற்பது பார்க்க நன்றாக இருக்காதுதான். பிறகு தனியாக அறுத்துக்கொள்ளலாம்.

இனி வெட்டு. முன்வெட்டின் ஆழம் விட்டத்தில் கால் பங்கு போதும். அகலத்தில் நிறையப் பேர் தவறுகிறார்கள். 45 டிகிரிக்கு வாய் திறந்தால் மரம் பாதி தூரம் சாய்வதற்குள் வாய் மூடிக்கொள்ளும், மூடின அந்த நொடியில் கீல் அறுந்துவிடும், மீதிப் பாதி தூரம் மரம் கட்டுப்பாடில்லாமல் விழும். 70 டிகிரிக்கு மேல், முடிந்தால் 90 வரை திறந்தால் மரம் கிட்டத்தட்ட தரையைத் தொடுகிற வரைக்கும் கீல் பிடித்துக்கொண்டிருக்கும். சுவீடனின் சோரன் எரிக்சன் பயிற்சி வகுப்புகளில் விடாமல் சொல்லிக்கொடுத்த முறை இது, என் வேலையை இதைப்போல மாற்றியது வேறொன்றும் இல்லை.

மேல் வெட்டும் கீழ் வெட்டும் ஒரே கோட்டில் சந்திக்கவேண்டும். ஒன்று மற்றதைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர் உள்ளே போனாலும் அங்கே ரம்பம் போன மெல்லிய பிளவு ஒன்று மிச்சமிருக்கும். மரம் சாயத் தொடங்கியதும் அகலமான வாய் மூடுவதற்கு வெகு முன்பே இந்தச் சின்னப் பிளவு மூடிக்கொள்ளும். 70 டிகிரி திறந்து வைத்தது அத்தனையும் வீண். அதனால் முன்வெட்டு முடிந்ததும் மண்டியிட்டு, உள்மூலையில் இருக்கும் தூளை விரலால் தள்ளிவிட்டு, இரண்டு ஓரத்திலும் கோடு சேர்கிறதா என்று பார்ப்பேன். சேரவில்லை என்றால் அங்கேயே சரிசெய்துவிடவேண்டும்.

கீலின் தடிமன் விட்டத்தில் பத்தில் ஒன்று, நீளம் விட்டத்தில் ஐந்தில் நாலு. 80 சென்டிமீட்டர் மரத்தில் 8 சென்டிமீட்டர் தடிமன், 64 சென்டிமீட்டர் நீளம். இதைக் கண்மதிப்பாக விடாமல் பட்டையைச் சீவி சுண்ணாம்புக் கட்டியால் இரண்டு பக்கமும் கோடு போட்டுவிடுவேன். சத்தமும் தூளும் பறக்கும்போது கண்ணுக்கு ஒரு கோடு வேண்டும்.

பெரிய மரத்துக்கும், முன்பக்கம் நன்றாகச் சாய்ந்த மரத்துக்கும் பின்னாலிருந்து நேராக அறுத்துக்கொண்டு வருவதை நான் விட்டுப் பல காலமாகிறது. அப்படி அறுக்கும்போது கீல் தடிமனாக இருக்கும்போதே மரத்தின் எடை இழுக்க ஆரம்பித்துவிடும், கீல் வளையாது, தண்டு நெடுக்காகப் பிளந்து மேலே ஏறும். நேர் இழை உள்ள மரங்களில், குறிப்பாகத் தைலமரத்தில், இது அதிகம். இப்படி ஒன்றைத் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன், வேறு ஒரு குழுவின் வேலை. முதலில் துணி கிழிகிற மாதிரி நீளமான சத்தம், அடுத்த கணம் தண்டின் முன்பாதி ஆள் உயரத்துக்கு மேலே நின்றது, பின்பாதி அதன்மேல் படுத்துக்கொண்டு அடிப்பக்கத்தைப் பின்னால் தள்ளியது. வெட்டியவர் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றிருந்ததால் தப்பினார், நேர் பின்னால் நின்றிருந்தால் அந்தக் கட்டை அவர் மார்பில் இறங்கியிருக்கும்.

இதற்கு வழி, பாரை நடுவில் செருகி அறுப்பது. கீல் வரவேண்டிய கோட்டுக்குக் கொஞ்சம் பின்னால், பாரின் முனையில் கீழ்ப்பாதியை முதலில் மரத்தில் பதித்து, முழு வேகத்தில், மெதுவாக நேராக்கி உள்ளே செலுத்தவேண்டும். முனையின் மேல்பாதி மரத்தைத் தொட்டால் செயின்சா முகத்தை நோக்கி எகிறும். செயின் நொடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடுகிறது, அந்த வேகத்தில் மனிதக் கை எதையும் தடுத்துவிடாது, செயின் பிரேக் வேலை செய்கிறதா என்று தினம் காலையில் பார்ப்பது இதற்காகத்தான். பார் மறுபக்கம் வெளியே வந்ததும் முன்னால் நகர்த்திக் கீலைச் சரியான தடிமனுக்குக் கொண்டுவந்துவிட்டு, அப்புறம் பின்னோக்கி அறுத்துக்கொண்டு போய், பின்பக்கம் ஒரு கீற்றுக் கட்டையை மட்டும் அறுக்காமல் நிறுத்தவேண்டும். இப்போது முன்னால் கீல், பின்னால் அந்தப் பிடி, நடுவில் எல்லாம் அறுந்திருக்கிறது, ஆனால் மரம் அசையாமல் நிற்கும். இந்த நேரம்தான் எனக்குப் பிடித்த நேரம். செயின்சாவை அணைத்துவிட்டு, ஆப்பு வைத்துவிட்டு, மேலே ஒரு தடவை பார்த்து, ஆட்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து, காற்று எப்படி என்று பார்த்து, எல்லாம் சரி என்றால் மட்டும் பின்னால் இருக்கும் பிடியை வெட்டிவிட்டு நடந்துவிடலாம்.

நடந்துபோகிற வழியை முன்வெட்டுக்கு முன்பே சுத்தம் செய்திருக்கவேண்டும். விழும் திசைக்கு எதிர்ப்பக்கம், நேர் பின்னால் இல்லாமல் இரண்டு பக்கமும் 45 டிகிரி சாய்வாக, இரண்டு வழி. புதர், கல், எரிபொருள் கேன் எதுவும் காலில் படக்கூடாது. மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரத்தில் நிற்கவேண்டும். காது மூடியோடு வேலை செய்வதால் யார் கத்தினாலும் கேட்காது, அதனால் கைச்சைகைகளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வோம். மரம் கிளம்புவதும் எனக்குச் சத்தத்தில் தெரிவதில்லை, பின்வெட்டின் பிளவில்தான் தெரியும். தாள் அளவுக்கு இருந்த பிளவு ஒரு நூல் கூடும், அதுவரை லேசாக இறுகியிருந்த பார் கையில் தளரும். அவ்வளவுதான், செயின்சாவை எடுக்க வந்தால் எடு, சிக்கினால் அங்கேயே விட்டுவிட்டுப் போ.

ஆப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் ஆப்பு அல்லது கட்டை ஆப்பு, இரும்பு வேண்டாம், செயின் அதில் பட்டால் பல் தெறிக்கும். 20 மீட்டர் மரத்தில் கீலிலிருந்து அரை மீட்டர் பின்னால் இருக்கும் ஆப்பு 2 சென்டிமீட்டர் தூக்கினால் உச்சி 80 சென்டிமீட்டர்தான் நகரும். உச்சி இரண்டு மீட்டர் பின்னால் சாய்ந்திருக்கிற மரத்தை ஒரே ஆப்பில் நிமிர்த்திவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் போடவேண்டும். அதற்கு மேல் வேண்டுமென்றால் வடமும் வின்ச்சும்தான். வடத்தைத் தண்டின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேலே கட்டி, கப்பி போட்டுத் திருப்பி, இழுக்கிறவர் விழும் பாதைக்கு வெளியே நிற்கும்படி செய்வோம். ஆனால் வெட்டுவதற்கு முன்பே முறுக்கி இழுத்து வைப்பது தவறு, முன்பக்கம் சாய்ந்த மரத்துக்கு வரும் அதே நெடுக்குப் பிளவு இதிலும் வரும். தொய்வு போகிற அளவுக்கு மட்டும் பிடித்து, வெட்டு முடிந்ததும் இழுக்கவேண்டும்.

பக்கவாட்டில் சாய்ந்த மரத்துக்குக் கீலைச் சமமாக விடாமல், சாய்வுக்கு எதிர்ப்பக்கம் தடிமனாக விடுவோம். அந்தப் பக்கத்து இழைகள்தான் இழுபடும், அங்கே கட்டை அதிகம் இருந்தால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். லேசான சாய்வுக்கு இது சரி. சாய்வு பெரிதென்றால் இதை நம்பி இறங்குவது ஆபத்து.

செத்த மரத்தில் மேலே சொன்ன எதுவும் முழுசாக வேலை செய்யாது. பச்சை இழை வளையும், காய்ந்த இழை வளையாமல் படக்கென்று ஒடியும். கீல் அளவாக விட்டிருந்தாலும் மரம் கொஞ்சம் சாய்ந்ததும் முறிந்து திசை மாறும். அதைவிட மோசம், ஆப்பைச் சம்மட்டியால் அடிக்கிற ஒவ்வொரு அடியும் தண்டு வழியாக உச்சிக்குப் போகிறது. மேலே உளுத்த கொப்பு ஒன்று தொற்றிக்கொண்டிருந்தால் அந்த அதிர்வில் நேராகத் தூருக்குத்தான் விழும், வெட்டுகிறவர் நிற்கிற இடம் அது. செத்த மரத்தில் நான் ஆப்பை அடிப்பதில்லை. தூரத்திலிருந்து வின்ச்சில் இழுப்போம், அதுவும் முடியாதென்றால் ஆள் ஏறும் வாளி வைத்த வண்டியோ கிரேனோ வரவழைத்து மேலிருந்து துண்டு துண்டாக இறக்கவேண்டும். யாரையும் செத்த மரத்தில் ஏறச் சொல்வதில்லை, ஏறுகிறவரின் எடையை அந்த மரம் தாங்கும் என்று எப்படிச் சொல்வது?

விழுந்த மரம் பக்கத்து மரத்தில் சாய்ந்து மாட்டிக்கொண்டால் பொறுமை வேண்டும். தாங்கி நிற்கும் மரத்தை வெட்டலாம் என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். இரண்டு மரமும் சேர்ந்து, எந்த வரிசையில் என்று தெரியாமல், அவர் தலையில்தான் வரும். இன்னொரு மரத்தை அதன்மேல் தள்ளுவதும், அடியிலிருந்து துண்டு துண்டாக அறுத்து இறக்குவதும் அதே ரகம். அதன் கீழே யாரும் நடக்காதபடி கயிறு கட்டிவிட்டு, அடிப்பக்கத்தில் சங்கிலி போட்டு, வின்ச்சால் பின்னால் இழுத்து இறக்குவோம். வின்ச் அன்றைக்கு இல்லை என்றால் அடுத்த நாள். மாட்டிய மரத்தை விட்டுவிட்டுச் சாப்பிடப் போவதாக இருந்தாலும் ஓர் ஆளை அங்கே காவலுக்கு நிறுத்திவிட்டுத்தான் போவேன்.

செயினைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இப்போது நாம் ஓட்டும் செயினின் வளைந்த பல், 1946ல் ஜோசப் காக்ஸ் என்ற அமெரிக்க மரவெட்டுக்காரர் மரம் துளைக்கும் வண்டின் புழுவை உற்றுப் பார்த்ததிலிருந்து வந்தது. அதன் தாடை இடமும் வலமுமாகக் கட்டையைச் சீவிக்கொண்டு போவதைப் பார்த்து அதே மாதிரி பல் செய்தார். அந்தப் பல் சீவவேண்டும், அரைக்கக்கூடாது. வெளியே வருவது சீவலாக இருக்கும்வரை கூர் இருக்கிறது, மாவாக வந்தால் அரம் போடவேண்டும். நல்ல கட்டையிலும் மாவாக வருகிறதென்றால் மரத்தைச் சந்தேகிப்பதற்கு முன் செயினைப் பாருங்கள். ஒரு பக்கத்துப் பல் மட்டும் மழுங்கியிருந்தால் வெட்டு வளைந்துபோகும், கீலின் ஒரு முனை நமக்குத் தெரியாமலே மெலிந்துவிடும். ஹெல்மெட், முகவலை, காது மூடி, பூட்ஸ் எல்லாம் எல்லோரும் சொல்வதுதான். நான் அழுத்திச் சொல்வது கால்சட்டையை. செயின்சாவுக்கென்றே வருகிற கால்சட்டைக்குள் நீளமான இழைகள் அடுக்கடுக்காக இருக்கும், செயின் பட்டால் அவை வெளியே இழுபட்டுச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டு ஓட்டத்தை நிறுத்திவிடும். வெயிலில் புழுங்கும், உண்மைதான். அதற்காகக் கழற்றிவைத்துவிட்டு வேலை செய்கிறவரோடு நான் சேர்ந்து வேலை செய்வதில்லை.

மரம் விழுந்ததும் உடனே ஓடிப்போய்க் கிளை கழிக்க வேண்டாம். சுற்றியிருக்கும் மரங்களில் ஒடிந்த கொப்பு ஏதாவது தொங்குகிறதா என்று மேலே பார்த்துக்கொண்டு கொஞ்சம் நில்லுங்கள். தரையில் அழுந்தி வில்லாக வளைந்த கிளையை அறுக்கும்போது அழுத்தம் இருக்கிற உள்வளைவில் லேசாக ஒரு வெட்டு, பிறகு இழுப்பு இருக்கிற வெளிவளைவில் கொஞ்சம் கொஞ்சமாக, நிற்பது அது விரிந்தடிக்கும் பக்கத்தில் இல்லை, அதற்கு மறுபக்கத்தில். தண்டு சரிவில் கிடந்தால் எப்போதும் மேட்டுப் பக்கம் நின்றுதான் அறுக்கவேண்டும்.

இந்த வேலையெல்லாம் முடிந்து ஆட்கள் கட்டை அடுக்கும்போது நான் ஒரு தடவை அடிக்கட்டைக்குத் திரும்பிப் போவேன். கீல் இருந்த இடத்தில் இழைகள் நீளமாக இழுபட்டு நின்றால் அது கடைசிவரை பிடித்திருக்கிறது. மொட்டையாக ஒடிந்திருந்தால் ஒன்று கட்டை காய்ந்தது, இல்லை வாய் சீக்கிரம் மூடியிருக்கிறது. ஒரு முனை தடித்து மறுமுனை மெலிந்திருந்தால் பாரைப் பிடித்த மட்டம் சரியில்லை. அளவுகோலை வைத்து அளந்து, யார் வெட்டினார்களோ அவர்களைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் அடுத்த மரத்தின் சுற்று.